எதிரில் யாரும் வராத வளைவு

குன்னூரில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அந்த கேம்ஸ் சென்டர். படியேறும்போதே சூடான வர்க்கி வாசனை மூக்கைத் துளைக்கும். கீழே அடுப்பு, மேலே நாங்கள். அந்தக் குளிருக்கு வேறென்ன சுகம் வேண்டும்...

நான் அப்போதுதான் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஷமீமா என் பள்ளித் தோழி. அவள் அத்தாவுக்கு பஜாரில் மளிகைக்கடை. எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேனை அவள்தான் ஓட்டுவாள். சனிக்கிழமை மதியம் எனக்கு ஆபீஸும் அவளுக்கு லோடும் முடிந்ததும் நேரே மாடிக்குத்தான்.

அங்கே ஒரு ரேஸ் மெஷின். நிஜக் கார் மாதிரியே சீட், ஸ்டீயரிங், பெடல், எதிரே பெரிய திரை. அதில் ஒரு மலைப்பாதை டிராக். எனக்கு சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்ட வராது. ஆனால் அதில் நான்தான் ராணி! ஆக்ஸிலேட்டரை மிதித்த கால் மிதித்தபடி, நாலு இடத்தில் முட்டி மோதி, அப்படியும் ஷமீமாவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

அவளோ ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரனைத் தேடுவாள். இடது ஓரத்தை விட்டு நகரவே மாட்டாள்.

சென்டர் நடத்திய பிரபு அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். "ஏனுங்க, இது ரேஸுங்க. எதுத்தாப்புல பஸ்ஸெல்லாம் வராதுங்க. ரோடு முழுக்க உங்களுதுங்க. வளைவுல இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு வெட்டிப் போனாத்தான் டைம் கெடைக்கும்!"

"தெரியுதுங்கண்ணா... கை கேக்க மாட்டேங்குதே."

நிஜ ரோட்டில் அவளைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! கட்டபெட்டுப் பக்கம் பனி மூடினால் முன்னால் போகிற வண்டியே தெரியாது. பின்னால் முட்டை அட்டைகளை அடுக்கியிருப்பாள், ஒன்றும் உடையாது. கீழிருந்து ஒரு வண்டி ஏறி வரும் சத்தம் கேட்டால் போதும், ஒதுங்க இடம் பார்த்து முன்கூட்டியே நின்றுவிடுவாள். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. அப்படி நின்று நின்று போயும் எந்த லயனுக்கும் அவள் தாமதமாகப் போனதில்லை.

ஒருநாள் சென்டரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கோயம்புத்தூரில் ஒரு மாலில், இதே மெஷினில் போட்டி. ஜெயிப்பவருக்கு நிஜ டிராக்கில், நிஜ ரேஸ் காரில் பயிற்சி. ஷமீமா அதன் முன்னால் அசையாமல் நின்றாள். அவள் வீட்டில் அப்போது ஷார்ஜா மாப்பிள்ளை பேச்சு நடந்துகொண்டிருந்தது. அழுது, சண்டை போட்டு, அத்தாவிடம் ஒரு வாக்கு வாங்கினாள்.

"ஜெயிச்சுட்டு வா, கல்யாணப் பேச்ச நிறுத்திடறேன். தோத்தா மறுபேச்சு பேசக் கூடாது."

அதற்குப் பிறகு தினமும் அந்த மெஷினே கதி. மெல்ல மெல்ல கை பழகியது. வளைவை வெட்ட ஆரம்பித்தாள். என்னைத் தாண்டினாள், சென்டருக்கு வந்த எல்லாப் பையன்களையும் தாண்டினாள். பிரபு அண்ணன் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்!

போட்டிக்குச் சில நாள் முன்பு, கட்டபெட்டிலிருந்து வேனில் மலையிறங்கி வந்துகொண்டிருந்தோம். நான் பக்கத்து சீட்டில். ஒரு வளைவு... ஹாரன் இல்லை. வேன் அப்படியே வலது ஓரத்துக்கு வெட்டியது. எதிரே தேயிலை மூட்டை ஏற்றிய டிராக்டர்! மூட்டைகளின் மேல் கொழுந்து பறிக்கும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

எப்படி பிரேக் பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. கையகல இடைவெளியில் இரண்டு வண்டியும் நின்றன. மேலே இருந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, நம்ம ஷமீமா புள்ளயா? யாரோ டூரிஸ்ட்டுன்னுல்ல நெனச்சோம்..."

அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஷமீமா வேனைப் பின்னால் எடுத்து, இடது ஓரத்தில் ஒதுக்கி, டிராக்டருக்கு வழி விட்டாள்.

போட்டியன்று மாலில் ஏகக் கூட்டம். நேர் ரோட்டில் பறந்தாள். மலைப்பாதை வந்ததும் இடது ஓரத்துக்குப் போய்விட்டாள். "வெட்டுடி! வெட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் வெட்டவில்லை. ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். பின்னால் சிலர் சிரித்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, திரும்பும் வழியில் பர்லியாறு வரை அவளோடு பேசவேயில்லை. பிறகு அடக்க முடியாமல் கேட்டேன். "ஏன்டி இப்படிப் பண்ணுன? எல்லாமே போச்சே!"

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "வெட்டலாம்னு கையக் கொண்டு போனேன்டி. அந்தப் பக்கம் அந்த அக்கா உக்காந்திருக்கற மாதிரியே இருந்துச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

சொல்லும்போதே கண்ணில் தண்ணீர். அதைத் துடைக்கக்கூட ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை அவள்.

அத்தா வாக்கு தவறாதவர். அடுத்த பெருநாளுக்குள் நிக்காஹ் முடிந்து, ஷமீமா ஷார்ஜா போய்விட்டாள்.

இப்போது அங்கே பிள்ளைகளை ஸ்கூலுக்குக் காரில் அவளே கொண்டுபோய் விடுகிறாள். "ரோடெல்லாம் கோடு போட்ட மாதிரி நேரா போகுதுடி. ஒரு வளைவு இல்ல, ஒரு பனி இல்ல..." என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். நான் சென்னையில். இங்கே எல்லா டிரைவருக்கும் பறக்கத் தெரிகிறது. கேப் ஏறினால், மேலே இருக்கும் கைப்பிடியை இறங்கும் வரை நான் விடுவதில்லை. குன்னூருக்கு ராத்திரி பஸ்ஸில் போனாலும் கண்ணை மூடப் பயம்.

போன வாரம் பேசும்போது சொல்லிவிட்டேன். "லீவுக்கு வந்தா மேட்டுப்பாளையத்துல இருந்து நீதான் வண்டி எடுக்கற. ஆனா நான் துணைக்குப் பேசிட்டெல்லாம் வர மாட்டேன், ஏறுனதும் தூங்கிடுவேன். நான் நிம்மதியாத் தூங்கி எத்தன வருஷமாச்சு தெரியுமா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு சொன்னாள்.

"தூங்குடி. ஊடு வந்ததும் எழுப்பறேன்."