சைவ வீட்டுக்கு வந்த நாடாப்புழு

என் கணவருக்கு முதல் வலிப்பு கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரி வீட்டு வாசலில் வந்தது. சாயா குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரோடு சரிந்தார். கைகால்கள் வெட்டி இழுத்தன. கையில் இரும்பு கொடுக்க நான் சாவிக்கொத்தைத் தேட, பக்கத்து வீட்டுச் சேட்டன் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, "இரும்பொண்ணும் வேண்டா" என்று என்னைத் தடுத்தார்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "பன்னியிறைச்சி கழிக்காறுண்டோ?" என்று கேட்டார், பன்றிக்கறி சாப்பிடுவதுண்டா என்று.

"முட்டைகூட எங்க வீட்டுக்குள்ள வராது டாக்டரே," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மூளையில் தெரிந்த வெள்ளைப் புள்ளி, நாடாப்புழுவின் குஞ்சு செத்து இறுகிப்போன தழும்பாம். பன்றிக்கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றவர் குடலில் புழு வளரும். அவர் மலத்தோடு வெளியேறும் முட்டை, கழுவாத கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ இன்னொருவர் வயிற்றுக்குள் போனால், பொரிந்த குஞ்சு அங்கிருந்து மூளைக்கு ஏறிவிடும். இதில் சைவம் அசைவம் கிடையாது.

எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. அந்த முட்டை எங்கிருந்து வந்திருக்கும்? யோசித்து யோசித்து என் கணவர்தான் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் காற்றாலை வேலையில் இருந்தாராம். அங்கே தெருவெல்லாம் பன்றிகள். கழிப்பறை இல்லை. "அந்த ஊர்ல நெறைய பேருக்கு வலிப்பு உண்டு. காத்து கருப்புன்னு சொல்லுவாங்க," என்றார்.

மாத்திரையில் அவர் தேறியதும், அந்த ஊரைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவரை இழுத்துக்கொண்டு போனேன். அந்நாளில் அவர் சாப்பிட்ட சாப்பாட்டுக்கடை இன்னும் இருந்தது. கடைக்கார அக்கா அவரை அடையாளம் கண்டு கட்டிக்கொள்ளாத குறை. விஷயத்தைச் சொன்னதும் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"எங்க கையாலயா தம்பி வந்துச்சு?"

"யாருக்குக்கா தெரியும்? வாய்க்கால் தண்ணியும்தான் குடிச்சேன்."

பிறகு அக்கா என்னிடம் திரும்பி எல்லாம் சொன்னார். சுகாதாரத் துறையிலிருந்து வந்து ஊர் முழுக்கப் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். பன்றிகளுக்கு ஊசி போட்டுப் பட்டியில் அடைக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்தது.

"முன்னெல்லாம் பள்ளிக்கூடத்துல அடிக்கடி ஏதாச்சும் ஒரு புள்ள விழும். இப்போ சின்னப் புள்ளைங்க யாரும் விழறதில்ல. விழறதெல்லாம் எம்மவன் மாதிரிப் பழைய ஆளுங்கதான்."

"புழு போயிருச்சே, அப்புறம் ஏன் விழறாங்க?"

"அத உங்க டாக்டரத்தான் கேக்கணும்," என்றார் அக்கா. ஊர் திரும்பியதும் டாக்டரம்மாவிடம் அதையே கேட்டேன். புழு ஒழிந்தால் புதிதாக யாருக்கும் தழும்பு விழாது, ஏற்கெனவே விழுந்த தழும்பு எளிதில் போகாது, அதனால் வலிப்பு மெல்ல மெல்லத்தான் குறையும் என்றார்.

ஆனால் அன்று கடையில் அக்கா சொன்ன இன்னொன்றுதான் என்னை அசரவைத்தது. வலிப்பு பரம்பரை நோய் என்று சொல்லி அவர் மகனுக்கு நெடுநாள் யாரும் பெண் தரவில்லையாம்.

"ரத்தத்துல வர்றதில்ல, புழுவாலன்னு நர்சம்மா வீடு வீடா சொன்னாங்க. அதுக்கப்புறந்தான் குடுத்தாங்க," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஈரக்கையைத் துடைத்தபடி மருமகள் வந்து, எங்களைச் சாப்பிட உட்காரச் சொன்னாள்.