லிஃப்ட் பார்க்க வந்தவர்

லிஃப்டை நம்பலாம், மனுஷங்களைத்தான் நம்ப முடியாது என்பது தம்பியின் கட்சி. அவன் லிஃப்ட் மெக்கானிக். நான்காம் பொத்தானை அமுக்கினால் நான்காம் மாடிதான் வரும். மனிதர்கள் அப்படியா? கிளம்பறேன் என்பவர் கிளம்ப மாட்டார். ஒன்றுமில்லை என்பவருக்கு ஏகப்பட்டது இருக்கும். நாற்பதை நெருங்கும்போதுதான் ஒரு டாக்டர் இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். பெயர் தெரிந்ததில் அவனுக்கு நிம்மதி. அக்காவுக்கு அதை வெளியில் சொல்லக் கூச்சம்.

சின்ன வயதிலிருந்து அவனுக்கு ஊர் பேச்சின் உள்ளர்த்தத்தைச் சொல்லிக்கொடுத்தவள் அக்காதான். பொறுமையாக அல்ல, தலையில் குட்டித்தான். அவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, "வேலையைக் கெடுத்துக்கிட்டு நீ வரவேண்டாம்டா" என்று போனில் சொன்னாள். அவனும் வரவில்லை. குழந்தையோடு வீடு திரும்பியதும் அழுது தீர்த்துவிட்டாள்.

"கூடப் பிறந்தவ வேண்டாம்னு சொன்னா, வான்னு அர்த்தம். இதுகூடவா தெரியாது?"

அன்றிலிருந்து அவள் எத்தனை தடவை வேண்டாம் என்றாலும் அவன் காதில் போட்டுக்கொண்டதில்லை. காய்ச்சல் என்றால் ரொட்டியும் மாத்திரையுமாக வந்து நிற்பான். பார்த்தீங்களா என் தம்பியை என்று அக்காவுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

இன்சூரன்ஸ் ஆபீசில் அவள் கிளை மேலாளர் ஆனாள். நான்காம் மாடியில் புது வீடு. ஞாயிறு மதியம் புது மேலதிகாரிக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் விருந்து வைத்தாள். விஷயம் கேள்விப்பட்டு தம்பி போன் செய்தான்.

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம்டா. எல்லாம் ஆபீஸ் ஆளுங்க. உனக்குப் போர் அடிக்கும்."

காரணம் வேறு. முன்பொரு தடவை பழைய அதிகாரி வீட்டுக்கு வந்திருந்தார். "அப்ப நான் கிளம்பறேன்" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் இருங்க சார் என்ற உபசாரத்துக்காக உட்கார்ந்திருந்தார். தம்பி ஓடிப்போய் அவருடைய ஷூவை எடுத்துவந்து காலடியில் வைத்துவிட்டான். மனுஷர் வேறு வழியில்லாமல் கிளம்பினார். அவர் ஓய்வு பெற்றுப் போயும் அந்த ஷூ மட்டும் அக்காவின் மனசிலேயே கிடந்தது. ஆகவே இது நிஜமான வேண்டாம். அதைப் பிரித்துச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு மதியம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் தம்பி. மடிப்புக் கலையாத கம்பெனிச் சட்டை, தோளில் டூல் பை, கையில் பழப்பை. ஒரு பரீட்சையில் தேறியவன் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

"யாரும்மா?" என்றார் சோபாவிலிருந்த அதிகாரி.

"லிஃப்ட் மெக்கானிக் சார்."

நாக்கு அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அவன் லிஃப்ட் மெக்கானிக்தானே.

"ஞாயித்துக்கிழமைகூடவா? பரவாயில்லையே" என்றார் அதிகாரி.

தம்பி அக்காவைப் பார்த்தான். "ஆமா சார்" என்றான். பழப்பையை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அவள் உள்ளே போய்ப் பரிமாறினாள். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டு லிஃப்டைப் பார்க்கப் போயிருப்பான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அப்படித் தேற்றிக்கொண்டதே கேவலமாக இருந்தது. ஐஸ் வாங்கி வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

அவன் லிஃப்டுக்குள் நின்றிருந்தான். கதவு மூடிக்கொள்ளாதபடி டூல் பையைக் குறுக்கே வைத்திருந்தான்.

"லிஃப்ட்ல ஒரு கோளாறும் இல்லக்கா."

"பின்ன ஏன்டா இங்கேயே நிக்கற?"

"மெக்கானிக்னு சொன்னியே. உடனே போயிட்டா அவங்களுக்குச் சந்தேகம் வராதா?" கொஞ்சம் யோசித்து, மெதுவாகக் கோர்த்துச் சொன்னான். "நீ பொய் சொல்லல. ஆனா தம்பின்னும் சொல்லல. அப்படின்னா, அவங்க முன்னாடி நான் உன் தம்பியா இருக்கக் கூடாதுன்னு அர்த்தம். சரியா புரிஞ்சுக்கிட்டேனா?"

குத்திக்காட்டுவது அவனுக்கு வராத வித்தை. எப்போதும் போலப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு, அக்கா திருத்துவாள் என்றுதான் நின்றான். பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது அவளுக்கு. நான்காம் மாடியில் அதற்கும் வழியில்லை.

"சரிதான்" என்றாள்.

"போன்ல சொன்னதும் நிஜ வேண்டாமா?"

தலையை ஆட்டினாள்.

"அதைச் சொல்லியிருக்கலாமே. வந்திருக்க மாட்டேன்."

"உள்ள வாடா. சாப்பிடு."

"இது எந்த வா?"

கதவுக்குப் பின்னால் அதிகாரி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வா என்றால் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டும். இவன் என் தம்பி என்று சொல்ல வேண்டும். சற்று முன்னால் ஏன் சொல்லவில்லை என்று அத்தனை கண்ணும் கேட்கும். அவள் கதவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

அவன் காத்திருந்தான். பிறகு குனிந்து பையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"பதில் சொல்லலன்னா அதுவும் ஒரு பதில்னு நீதானே சொல்லிக்கொடுத்த. பழம் வாசல்ல இருக்கு, எடுத்து வை அக்கா."

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. நான்கு, மூன்று, இரண்டு என்று எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொத்தானை அமுக்கினால் லிஃப்ட் திரும்பி வந்துவிடும். கை எட்டும் தூரம்தான். அவள் அமுக்கவில்லை.