ஜமால் பாயின் இடது காது

சென்ற செவ்வாய் காலை ஜமால் பாயின் எண்ணிலிருந்து அழைப்பு. "சொல்லுங்க பாய்" என்றேன். பேசியது அவருடைய மகள். விடியற்காலையில் நெஞ்சுவலி. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். என் அம்மாவிடம் சொல்லச் சொன்னார். முக்கியமாக அம்மாவிடம்.

அவர் ஸ்பீக்கர் மாட்டிக்கொடுத்த வீடுகளில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மந்தைவெளி, தி.நகர், அடையாறு, பெருங்குடி. நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் எல்லோர் வீட்டு டிவிக்குப் பின்னாலும் அவர் கைபட்ட ஒயர்கள் இருக்கின்றன.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது ஐந்து வருடங்களுக்கு முன்னால். சிறிய கூடம். பெரிய ஸ்பீக்கர் ஒரு ஜோடிக்குத்தான் தரையில் இடம். தம்பி ரகு படம் பார்ப்பதற்காக ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கியிருந்தான். அம்மா வீணை சொல்லித்தருபவள். ரிசீவரில் பாட்டுக் கேட்டால் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கிறது என்றாள். அவளுக்காக நான் பாட்டுக்கென்றே, வால்யூம் குமிழ் வைத்த ஒரு ஸ்டீரியோ ப்ரீஆம்ப்பும் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்பும் வாங்கினேன். இரண்டு தரப்புக்கும் அதே ஸ்பீக்கர்கள்தான். மூன்று நாள் ஒயர்களைப் பிடுங்கி மாற்றிச் சண்டை போட்டோம்.

பாய் தரையில் உட்கார்ந்து பெட்டிகளின் பின்புறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரிசீவரிலிருந்து முன் ஸ்பீக்கர்களுக்கான சத்தத்தை மட்டும் ஒரு கேபிளில் எடுத்து ப்ரீஆம்ப்புக்குள் விட்டார். படமோ பாட்டோ, இனி ப்ரீஆம்ப் வழியாகத்தான் பெரிய ஸ்பீக்கருக்குப் போகும். ஒரு நிபந்தனை. படம் ஓடும்போது ப்ரீஆம்ப்பின் வால்யூம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கூட்டுவதும் குறைப்பதும் ரிசீவரில். இடம் தவறினால் முன்னால் இருப்பவை அலறும், ரிசீவரிலேயே நேராக மாட்டிய, சுவரில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்கள் முணுமுணுக்கும்.

அம்மாவிடம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு கேட்டு வாங்கி, வால்யூம் குமிழில் ஒட்டினார்.

"படம் பாக்கசொல்ல பொட்டு நேரா மேல கீதான்னு பாத்துக்கோ. பாட்டுக்கு உங்க இஷ்டம்."

"பொண்ணு பாக்க வராங்களா பாய்?" என்றான் ரகு.

"மாப்ள நீ இல்ல. பயப்படாத."

பிறகு கூடத்தின் நடுவில் நின்று ஒரு பாட்டைப் போட்டார். இடமும் வலமும் சமமாகும்வரை பேலன்ஸ் குமிழைத் திருகினார். காதால் மட்டும்தான் அளப்பார். முடித்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று மாலை அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடம் கேட்டாள். "பாடறவ ஜன்னல் ஓரமா போய் உக்காந்துண்டிருக்கா" என்றாள். ஜன்னல் இடப்பக்கம். நான் பேலன்ஸைச் சற்றே வலப்பக்கம் திருப்பினேன். பாடகி நடுவுக்கு வந்துவிட்டாள். நானாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். அவருக்குத் தெரிய வேண்டும் என்று அம்மா கூப்பிட்டு அனுப்பினாள்.

மறுநாள் வந்தார். குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பிக் கேட்டார். அவருக்கு நடுவில்தான் இருந்தது. அம்மா வாதாடவில்லை. அவருடைய இடப்பக்கம் போய்த் தாழ்ந்த குரலில் காப்பி வேண்டுமா என்று கேட்டாள். அவர் திரும்பவில்லை. வலப்பக்கம் வந்து அதே குரலில் கேட்டாள். திரும்பினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு வருஷமா இந்தக் காது டல்லும்மா. வூட்ல கூட சொல்லல. காது கேக்காதவன் ஸ்பீக்கர் மாட்றான்னு வெளிய தெரிஞ்சா யாரு கூப்புடுவாங்க? வேற தொழில் எனக்குத் தெரியாது."

"நாங்க யார்கிட்டயும் சொல்லப்போறதில்லை பாய். ஆனா இந்த மூணு வருஷமா நீங்க போன ஆத்துலல்லாம் பாடறவா ஓரமாத்தானே உக்காந்துண்டிருப்பா?"

காப்பி ஆறும்வரை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த வீடுகளில் பாட்டைக் கேட்டுச் சொல்ல அம்மாவும் தன்னோடு வர முடியுமா என்று கேட்டார்.

முதல் ஞாயிறு நானும் போனேன். தி.நகரில் மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவரிடம், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "எனக்கு இடது காது சரியா கேக்காது சார். உங்க வூட்ல சத்தம் ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கும். ஒயரு நான் பாப்பேன். கேக்கறது இவங்க." வீட்டுக்காரர் அம்மாவைப் பார்த்தார். அம்மா உள்ளே எந்த நாற்காலி என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வழிவிட்டார்.

பெசன்ட் நகரில் ஒரு வீட்டில் வழிவிடவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். படியிறங்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வந்தேன். "ஒண்ணுதான போச்சு" என்றார். "பத்து போவும்னு நெனச்சேன்."

உண்மையில் வேலை கூடியது. "அந்த அம்மாவும் வருவாங்க இல்ல?" என்று கேட்டுக் கூப்பிட்டார்கள். அவர் ஸ்கூட்டரில், அம்மா பின்னால் ஆட்டோவில். வாராவாரம் சண்டை. நூல் அளவுதானே என்பார் இவர். நூல் அளவானாலும் ஓரம் ஓரம்தான் என்பாள் அவள். காதுக்கு மிஷின் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் வாங்கினார். வேலைக்கு வரும்போது மட்டும் கழற்றிவிடுவார். "மிஷினு கேட்டு சொல்லிடுச்சுன்னா அப்புறம் அம்மா எதுக்கு?"

அடக்கத்தன்று ராயப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனோம். உள்ளே பெண்களோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்த மொத ஞாயித்துக்கிழம வந்துதான் அத்தா எங்ககிட்டயும் சொன்னாரு. அதுவரிக்கும், கூப்ட்டா திரும்பலன்னு நாங்க எவ்ளோ கோச்சிக்கிட்டிருக்கோம் தெரியுமா."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: இயலாததை வாசலிலேயே சொல்லிவிடுவது. நான் மெய்ப்புப் பார்ப்பவன். சிறுவயதிலிருந்தே எழுத்துகள் எனக்கு மெதுவாகத்தான் பிடிபடும். அதை மறைத்து, வேலையை வீட்டுக்கு எடுத்துவந்து பல வருடம் படித்திருக்கிறேன். போன ஆண்டு ஒரு புதிய பதிப்பகத்தில், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அதைச் சொன்னேன். அங்கிருந்த அம்மையார் மேசையிலிருந்த அச்சுத்தாள் கட்டை என் பக்கம் தள்ளினார். முந்நூறு பக்கம். அவசரமில்லை என்றார்.