தூணுக்குப் பின்னால் ஒரு ஆப்ரா

கடலூர் செம்மண்டலத்திலிருந்து வியன்னாவுக்குப் பாட்டு படிக்கப் போன முதல் குளிர்காலம் அது. கதை முழுவதையும் பாடியே நடிக்கும் ஆப்ராவை நேரில் பார்ப்பது என் பல வருஷக் கனவு. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தனியாகப் போனேன்.

இடம் தூணுக்குப் பின்னால் கிடைத்தது. பாதி மேடைதான் தெரிந்தது. நாயகி உயிர்விடும்போது பக்கத்திலிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், நானும் தட்டினேன். இதற்காகவா வீட்டில் அத்தனை சண்டை போட்டு வந்தோம் என்று பயமாக இருந்தது.

மறுநாள் அம்மா போனில் கேட்டபோது, "சூப்பரா இருந்துச்சும்மா" என்றேன். பிறகு சிதம்பரத்தில் என்னோடு பாட்டு படித்த நஸீமா கூப்பிட்டாள். அவளிடமும் அதையே சொன்னேன்.

"பொய் சொல்லாதடி. யாரு சொதப்புனாங்க?"

சிதம்பரத்தில் கச்சேரி கேட்டுவிட்டுக் கடலூர் பஸ்ஸில் திரும்பும்போது, பாடியவரை ஊர் வரும்வரை கிழிப்பது எங்கள் வழக்கம்.

"அந்த ஹீரோ ரொம்ப ஜாஸ்தியா கத்துனான்டி. அவ சாவுறதுக்குள்ள எனக்குத் தூக்கமே வந்துடுச்சு."

"அடிப்பாவி! நான் பொறாமையில ராத்திரி பூரா தூங்கலடி!"

சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுவிட்டேன். நஸீமா போனை வைக்கவில்லை.

பிறகு நல்ல ஆப்ராக்களும் பார்த்தேன், தனியாகத்தான். ஆனாலும் அந்த இரவில், நன்றாக இல்லை என்று காதில் கிசுகிசுக்க ஒருத்தி பக்கத்தில் இருந்திருந்தால், அதையும் ரசித்திருப்பேன் என்றே தோன்றுகிறது.