ஐஸ் கேட்டு மொன்றியல் போன கதை

ஜூன் மாதச் சனிக்கிழமை, காலை பத்து மணி. மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் சிவநேசன் அண்ணை வீட்டிலிருந்து புறப்பட்டோம். அவர் எங்கள் ஊர்ச்சங்கத்தின் மொன்றியல் கிளைத் தலைவர். நான் வடமராட்சிக் கரையில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். யுத்தத்தில் எங்கள் ஐஸ் தொழிற்சாலை தரைமட்டமானது. அன்றிலிருந்து மீனைப் பழுதாகாமல் வைத்து விற்க வழியில்லை, விடிய வருகிற வியாபாரி சொன்னதுதான் விலை. "முதல்ல நிர்வாகத்தைச் சீர்திருத்துங்கோ, பேந்து கட்டித் தாறம்" என்று மொன்றியல் கிளையார் சொன்னார்கள். கணக்காய்வு வைத்தோம், வருடாவருடம் தேர்தல் வைத்தோம், மேரி அக்காவைத் தலைவியாகத் தெரிவுசெய்தோம். இனி ஐஸைக் கேட்பதுதான் பாக்கி.

கூட்டத்துக்குப் பழம் வாங்க ஜான்-டலோன் சந்தையில் இறங்கினோம். ஒரு கூடை தக்காளி ஐந்து டொலர். மீன்கடை முன்னால் நின்றுவிட்டேன்.

"என்ன தம்பி, மீனைக் காணாத ஆள் மாதிரி?" என்றார் அண்ணை.

நான் பார்த்தது மீனையல்ல, அதன் கீழே குவித்திருந்த ஐஸை.

மூன்று மணிக்கு ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்ய். ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் கூட்டம். அறிக்கை வாசித்தேன், கைதட்டினார்கள். எங்கள் கூட்டம் எப்போதும் அடுத்த தேர்தல் திகதியைச் சொல்லித்தான் முடியும். அந்தப் பழக்கத்தில், மரியாதைக்காகத்தான் கேட்டேன்: "உங்கட அடுத்த தேர்தல் எப்ப?"



"இஞ்ச அதெல்லாம் தேவையில்லைத் தம்பி. எல்லாம் எங்கட ஆக்கள்தானே" என்றார் அண்ணை.

பின்னால் இருந்த கிளையின் பொருளாளர் தேவன் எழும்பினார். "ஏன் தேவையில்லை? ஊருக்கு ஒரு நீதி, உங்களுக்கு ஒரு நீதியோ?"

ஐயோ, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. தேநீர் ஆறுவதற்குள் சங்கம் இரண்டாகிவிட்டது.

ஞாயிறு முழுவதும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தொழிற்சாலையைத் தன் தரப்பே கட்டும், கல்வெட்டில் சிவநேசன் பெயர் வரக்கூடாது என்று தேவன் தொலைபேசியில் சொன்னார். அண்ணையும் அதையேதான் சொன்னார், பெயரை மட்டும் மாற்றி. ஊரில் பாதிப்பேர் இவருக்குச் சொந்தம், பாதிப்பேர் அவருக்குச் சொந்தம். யாருக்கு ஓம் சொல்வது? எனக்குக் கோபமான கோபம். ஆனால் சோறு போட்ட வீட்டில் முகத்தைச் சுழிக்கவும் முடியவில்லை. சீர்திருத்தம் யாருக்கு வேண்டியது என்றே எனக்குக் குழம்பிவிட்டது.

மாலை ஏழரைக்கு விமானநிலையத்திலிருந்து மேரி அக்காவை அழைத்தேன். ஊரில் அப்போது விடிய ஐந்து மணி. படகுகள் கரையேறும் இரைச்சல் கேட்டது. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"அதெல்லாம் கிடக்கட்டும். ஐஸ் வருமோ, வராதோ?"

"தெரியேல்லை அக்கா."

 அவர் கரையில் நின்றவர்களிடம் கத்துவது கேட்டது:

"பிள்ளையள், கருவாட்டுக்கு உப்பை எடுங்கோ!"