சுமியே படிக்காமல் விட்ட பாதி

யஹாகி சுமியேவுக்கு உட்கார்ந்து படிக்க வராது. டொயாமா நகரத்துக் கடைவீதியில் ஒரு புத்தகக் கடையில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறாள். மாதம் ஐந்து புத்தகங்களைப் படித்து ஊருக்குச் சிபாரிசு செய்கிறாள். ஆனால் அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பக்கம் படித்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. சோறு வேகும்வரை அடுப்பருகில் நின்று படிப்பாள். டிராமில் பாதி இருக்கை காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிப்பாள். முன்பு எட்டு வருடம் மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை அட்டைகளை அடுக்கி நின்றே பழகிய கால் என்று அவளே ஒரு காரணம் சொல்வாள். அதெல்லாம் சாக்கு. பிறவியே அப்படி. நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது, நாலே வருடத்தில் முடிந்தும் போனது. "உன்னோட குடித்தனம் பண்றது ரயில்வே ஸ்டேஷன்ல குடியிருக்கற மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனான் அந்த மனிதன். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

புத்தகத்தில் மட்டும் அவள் தரித்து நிற்பாள். கையில் எடுத்தால் கடைசிப் பக்கம் பார்க்காமல் வைக்கமாட்டாள். படித்ததும் உள்ளங்கை அகல மஞ்சள் அட்டையில் தூரிகைப் பேனாவால் நாலு வரி எழுதி, ஓரத்தில் தன் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் குத்திப் புத்தக அடுக்கின் மேல் நிறுத்துவாள். சிபாரிசு அட்டை எழுதாத கடை நாட்டிலேயே இல்லை. முத்திரை குத்துவது மட்டும் அவளுடைய வழக்கம். 'முழுதும் படித்தேன், நான் பொறுப்பு' என்று அதற்கு அர்த்தம். ஐந்து அட்டைகளையும் சின்னதாக நகலெடுத்து ஒரு மாதச் சீட்டாக்கி, விற்கும் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுப்பாள். அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தே புத்தகம் வாங்குகிறவர்கள் ஊரில் முப்பது நாற்பது பேராவது இருந்தார்கள்.

இந்த வருடம் நவம்பரில் அவளுக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. மாதம் பிறந்ததுமே கடல் பக்கம் இடி இடிக்க ஆரம்பித்துவிட்டது. அந்த இடிக்குப் பின்னால் குளிர்காலத்துக் கொழுத்த புரி மீன் வரப்போகிறது என்று ஊரே நாக்கைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, சுமியேவுக்கு ஒரே மூச்சில் இருபது பக்கம் தாண்டவில்லை. ஒரு பத்தி படிப்பாள், போய்க் கழுவிய கோப்பையை மறுபடி கழுவுவாள். இரண்டு பத்தி படிப்பாள், ஜன்னலைத் திறந்து மழையைப் பார்ப்பாள், மூடுவாள். கண் வரியில் ஓடும், மனம் எங்கோ திரியும். இரண்டு புத்தகங்களைத் தவணை முறையில் ஒப்பேற்றினாள். வேறு இரண்டு, போன வருடமே படித்தவை. அவற்றுக்கு அட்டை எழுதினாள். ஐந்தாவதுதான் மாட்டிக்கொண்டது.

'மாடிப்படிக்கு அடியில் ஒரு சமையலறை' என்று ஒரு நாவல். மதியச் சாப்பாட்டுப் பெட்டி கட்டி விற்கும் வயதான புருஷன் பெண்டாட்டி கதை. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நூற்று நாற்பது வரை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு படித்தாள். கிழவன் முட்டையைத் தீய்ப்பதும், கிழவி அவனை வைவதும், அவன் கோபித்துக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புவதும் அத்தனை அழகு. அங்கே ஒரு நாள் நின்றவள்தான், மேலே போக முடியவில்லை. மூன்று முறை எடுத்தாள், மூன்று முறை வைத்தாள். ஒன்பதாம் தேதி ஆகிவிட்டது, அடுக்கில் நாலு அட்டைதான் இருந்தன.

"பின்னட்டையப் படிச்சிட்டு எழுதுங்க யஹாகி-சான். எல்லாரும் அதத்தான் பண்றோம்" என்றார் ஹிபினோ. காமிக்ஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர், சுமியேவைவிட ஐந்து வயது மூத்தவர், மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்கிற ஆள்.

"நீங்க பண்றீங்க. நான் பண்ணமாட்டேன்."

"ஆபீஸ் சுற்றறிக்கை வருதே, அதுல குத்தறீங்களே, அத என்னிக்காவது படிச்சிருக்கீங்களா?"

அவள் படித்ததில்லை. யாரும் படிப்பதில்லை. வரிசையாக ஒன்பது பெயர் கட்டம் இருக்கும், தன் கட்டத்தில் குத்தி அடுத்தவர் மேஜையில் வைத்துவிட்டுப் போவார்கள். அன்று மாலையும் அப்படித்தான் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதில் குத்தினாள். கையில் முத்திரையும் ஈர மையும் இருந்தன, பக்கத்தில் மஞ்சள் அட்டை வெறுமனே கிடந்தது. 'கடைசிப் பக்கத்தை மூடும்போது மனம் லேசாகிவிடும்' என்று எழுதி, அந்தக் கையோடு அதிலும் குத்திவிட்டாள். இத்தனைக்கும் பொய் எழுதுகிறோம் என்று அவள் நினைக்கவில்லை. இவ்வளவு சிரிப்பாக ஆரம்பித்த கதை வேறு எப்படி முடியும் என்றுதான் நினைத்தாள்.

மறுநாளே அதை வாங்கியவர் மிசோகுச்சி. முப்பத்தெட்டு வருடம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்து நாலு வயது. பதினோரு வருடமாக மாதம் ஒரு புத்தகம், சுமியேவின் அட்டை இருந்தால் மட்டும். மாதக் கடைசி நாள் கடைக்கு வந்து தன் தீர்ப்பைச் சொல்வார். "நல்லாயிருந்துச்சு" என்பார், இல்லாவிட்டால் "நீளம்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து பெயராது.

முப்பதாம் தேதி வந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அன்று என்னவோ அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"இன்னும் முடிக்கல, யஹாகி-சான். தினம் ஒரு அத்தியாயம்தான். வீட்டுக்காரி ஆத்தங்கரை ஆஸ்பத்திரியில கெடக்கா, அவளுக்கு நான் வாசிச்சுக் காட்டறேன்."

"ஐயோ, தெரியாதே. என்ன செய்யுது அவங்களுக்கு?"

"இருதயத்துல வால்வு. மூணாம் தேதி ஆபரேஷன். மொத்தம் இருபத்திரண்டு அத்தியாயம். கணக்குப் போட்டுத்தான் ஆரம்பிச்சேன். ரெண்டாம் தேதி கடைசி அத்தியாயம். சந்தோஷமாக் கேட்டுட்டுப் போகட்டும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இதக் கேளுங்க. கதையிலயும் அந்தம்மாவுக்கு ஆபரேஷன் வருது! நேத்துதான் அந்த எடம். எனக்கு ஒரு நிமிஷம் குரல் எழும்பல. அப்புறம் உங்க சீட்டைப் பாத்தேன். மனசு லேசாகிடும்னு நீங்க எழுதியிருக்கீங்களே, அப்ப நல்லபடியாத்தான முடியும்? தைரியமா வாசிச்சேன்."

சுமியே "ஆமாம்" என்றாளா, வெறுமனே தலையை ஆட்டினாளா என்பது பிறகு அவளுக்கே நினைவில்லை. அவர் குடையை உதறி விரித்துக்கொண்டு டிராம் நிறுத்தத்துக்குப் போனார்.

அவள் அடுக்கிலிருந்து ஒரு பிரதியை உருவிக் கிடங்குக்குள் போனாள். நூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை, நேரே கடைசி அத்தியாயத்தைப் புரட்டினாள். கிழவி ஆபரேஷன் மேஜையிலிருந்து எழுந்திருக்கவில்லை. கிழவன் வீட்டுக்கு வந்து, பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்கு அரிசி கழுவிவிட்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறான். அவ்வளவுதான் முடிவு.

வெளியே வந்து மஞ்சள் அட்டையைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள். கிழித்து என்ன பயன்? சீட்டு ஆஸ்பத்திரியில் இருந்தது. புதுவரவு மேஜையைக் கலைத்தாள், திரும்ப அடுக்கினாள், மறுபடி கலைத்தாள். ஹிபினோ பொறுக்க மாட்டாமல் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னாள்.

"இதுக்கா இந்த ஆட்டம்? அச்சுல பக்கம் விட்டுப்போன பிரதின்னு சொல்லி வாங்கிடுங்க. பதிப்பகத்துக்கு அனுப்பி மாத்தித் தரணும், ரெண்டு வாரம் ஆகும்னு சொல்லுங்க. அதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிடும். கையில வேற ஒரு நல்ல புத்தகத்தைக் குடுத்துட்டு வந்துடுங்க."

"இன்னொரு பொய்யா?"

"பின்ன, நெசத்தப் போய்ச் சொல்வீங்களா அந்தப் பெரிய மனுஷன்கிட்ட?"

 மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. மதியம் இரண்டு மணிக்குப் பார்வை நேரம் தொடங்கும்போதே ஆற்றங்கரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். பையில் பூனைகளைப் பற்றி ஒரு புத்தகம் இருந்தது, யாரும் சாகாத புத்தகம். இந்தத் தடவை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து உறுதி செய்துகொண்டு வந்திருந்தாள். வரவேற்பிடத்தில் பெயர் எழுதி, அறை எண்ணைக் கேட்டுக்கொண்டு மேலே போனாள்.

நான்காம் மாடி அறையில் திரைக்குப் பின்னால் மிசோகுச்சியின் மனைவி தொகியே மட்டும் இருந்தாள். எலும்பும் தோலுமான சின்ன உருவம், கண் மட்டும் கூர்மை. சுமியே பெயரைச் சொன்னதுமே முகம் மலர்ந்தாள்.

"சிவப்பு முத்திரை அம்மாவா? உக்காருங்க, உக்காருங்க. அவரு கீழ பழம் வாங்கப் போயிருக்காரு."

சுமியே உட்காரவில்லை. நின்றபடியே மனப்பாடம் செய்துவந்ததை ஒப்பித்தாள். அச்சில் கோளாறு, கடைசியில் பக்கங்கள் விட்டுப்போயிருக்கின்றன, மன்னிக்க வேண்டும், மாற்றித் தருகிறோம்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து காணோம்?"

"இருநூத்து எண்பதுலேர்ந்துங்க."

தொகியே தலையணைக்கு அடியில் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். கடையின் காகித உறை போட்டது, ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. "எல்லாம் இருக்கே. வாங்கிட்டு வந்த அன்னிக்கே முடிச்சிட்டேன். சாயங்காலம் அவரு வீட்டுக்குப் போனப்புறம் எனக்கு இங்க வேற என்ன வேலை? தெரியாத மாதிரி தினமும் கேட்டுக்கறேன். எத்தனை ஆசையா வாசிக்கறாரு தெரியுமா, கிழவிக்குத் தனியாக் குரல் மாத்தறாரு."

 தொகியே புத்தகத்துக்குள்ளிருந்து மாதச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"நானே உங்களப் பாக்கணும்னு இருந்தேன். இத்தன மோசமான முடிவப் படிச்சிட்டு மனசு லேசாகும்னு ஒருத்தர் முத்திரை குத்தறாங்கன்னா, எனக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு அவங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அந்தக் கடைசி அத்தியாயத்த நாலு தடவ படிச்சேன். லேசாகற எடம் எதுன்னு தேடித் தேடிப் பாத்தேன். சொல்லுங்களேன், எந்த எடம்?"

"நான் படிக்கலைங்க." சுமியே இடுப்பு மடியக் குனிந்தாள், குனிந்தபடியே சொன்னாள். "பாதிதான் படிச்சேன். படிக்காமலே குத்திட்டேன். இத்தன வருஷத்துல இது ஒண்ணுதான். அதுவும் உங்க கையில வந்து சேந்திடுச்சு."

 நடைவழியில் மருந்து வண்டி ஒன்று கடகடவென்று போனது. ஓடிப்போய் மாடிப்படியில் இறங்கிவிடலாமா என்று சுமியேவுக்கு இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்ப இப்ப படிங்க" என்றாள் தொகியே. "வாய்விட்டுப் படிங்க. எட்டுப் பக்கம்தான்."

பக்கத்தில் மடக்கு நாற்காலி இருந்தது. சுமியே அதில் உட்கார்ந்து படித்தாள். முதல் பக்கத்தில் நாக்கு குழறியது. கிழவன் அரிசிப் பானையில் கைவிடும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் கேட்கலாமா என்று யோசித்து, கேட்காமலே மேலே போனாள். முடித்துப் புத்தகத்தை மூடியபோது கன்னம் நனைந்திருந்தது.

"இப்ப எழுதச் சொன்னா என்ன எழுதுவீங்க?"

"லேசாகலைங்க. நெஞ்சு மேல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு."

"ஆகலதான?"

"இல்லவே இல்லைங்க."

"அப்பாடா!" தொகியே கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்தாள். "எனக்குத்தான் மனசு மரத்துப்போச்சோன்னு இருந்தேன். வர்றவங்க எல்லாம் தைரியமா இருங்கறாங்க. டாக்டர் சிரிக்கறாரு, நர்ஸ் சிரிக்கறா, இவரு குரல மாத்தி மாத்தி வாசிக்கறாரு. போதாததுக்கு நீங்க வேற லேசாகும்னு எழுதிட்டீங்க. நான் எங்க போய்ப் பயப்படறது சொல்லுங்க? எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. செத்துப்போயிடுவேனோன்னு பயமா இருக்கு."

திரை ஏற்கனவே விலகியிருந்தது. மிசோகுச்சி மாண்டரின் ஆரஞ்சுப் பையோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கடைசியில் சொன்னதைக் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. சுமியே எழுந்து அவருக்கும் குனிந்து, படிக்காமல் எழுதியதை மறைக்காமல் சொன்னாள்.

அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "பதினோரு வருஷம்" என்றார். பிறகு, "அத அப்புறம் பேசிக்கறேன் உங்ககிட்ட" என்றார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

கட்டிலருகே போய் மனைவியிடம் கேட்டார். "எத்தன நாளா?"

"டாக்டர் தேதி குறிச்சதுலேர்ந்து."

"எங்கிட்டச் சொல்லலாம்ல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா வாசிச்சிட்டிருந்தீங்க."

"சந்தோஷமாவா?" என்றார் மிசோகுச்சி. கட்டிலின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். "எனக்கும் அதே பயந்தான், தொகியே. தினம் டிராம்ல வீட்டுக்குப் போறப்ப எறங்க வேண்டிய எடத்துல எறங்கறதில்ல. முப்பத்தெட்டு வருஷம் ஓட்டின வழி, கடைசி நிறுத்தம் வரைக்கும் போயிட்டுத் திரும்ப வரேன்."

தொகியே அவர் கைமேல் கை வைத்தாள். மறு கையில் ஒரு பழத்தை வைத்துக்கொண்டு அவர் தோலில் நகத்தை ஊன்றப் பார்த்தார், அது வழுக்கி வழுக்கிப் போனது. சுமியே சத்தமில்லாமல் பையை எடுத்துக்கொண்டு திரை வரை போயிருந்தாள்.

"சிவப்பு முத்திரை அம்மா, எங்க போறீங்க?" என்றாள் தொகியே. "பழத்த உரிச்சுக் குடுத்துட்டுப் போங்க. அவரு கை நடுங்குது."