உதியன்குளங்கரையில் நான் நட்டுப் பிடுங்கிய அறுபது கம்புகள்

பள்ளிக்கூடத்தில் செடிநூல் சொல்லிக்கொடுக்கிறவள் கையில் மண் படாமல் எத்தனை வருஷம்தான் காலம் தள்ளுவது? பாறசாலைப் பக்கம் ஊர்க்காரர்களே சேர்ந்து ஒரு மூலிகைத் தோட்டம் வளர்க்கிறார்கள், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை யார் வேண்டுமானாலும் போய் வேலை செய்யலாம் என்று கேள்விப்பட்டதும், கடந்த ஆனி மாதம் கிளம்பிவிட்டேன். எல்லைக் கிளர்ச்சி நடக்கும் ஊருக்குத் தனியாகவா போகிறாய் என்று நாகர்கோவிலில் கேட்காதவர்கள் இல்லை. கேட்கக் கேட்க எனக்குப் பிடிவாதம் ஏறியது.

காலை ஆறரைக்கு பஸ். இருபத்தாறு மைல், பதினான்கு அணா. களியக்காவிளையில் ஊர்வலம் கடந்து போகும்வரை நாற்பது நிமிஷம் நின்றோம். உதியன்குளங்கரை முக்கில் இறங்கும்போது மணி ஒன்பதேகால். அங்கிருந்து காரக்கோணம் பக்கமாகச் செம்மண் பாதையில் ஒன்றரை மைல் நடை.

தோட்டம் இரண்டு பேருடைய நிலம். ஒரு பாதி ஞானமுத்துவுடையது. முக்கில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். இந்தத் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்கிற கட்சி. மறுபாதி மாதவனுடையது. தபாலாபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவனந்தபுரத்தை விட்டு அசையக்கூடாது என்கிற கட்சி. முக்கில் வாரம் முழுக்க இருவரும் தொண்டை வற்றச் சண்டை போடுவார்கள். தோட்டத்துப் படலைத் தாண்டிவிட்டால் கட்சிப் பேச்சு கிடையாது. இதை எனக்குச் சொன்னது ஞானமுத்துவின் மனைவி ரோசிலி.

அன்று எல்லோரும் குளத்தில் சேறு அள்ளப் போனார்கள். என்னிடம் அறுபது ஆடாதோடைக் கம்புகளைக் கொடுத்து, "எங்கயாவது வைங்க டீச்சரே, அது எங்கயும் பிடிக்கும்" என்றார் மாதவன். நானா எங்கேயாவது வைக்கிறவள்? பையில் கயிறும் முளைக்குச்சியும் கொண்டு போயிருந்தேன். கிணற்றிலிருந்து படல் வரைக்கும் மண் நல்ல இளக்கமாக இருந்தது. கயிறு கட்டி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டேன். ஒரு கம்பு கூட விலகவில்லை. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

ஒரு மணிக்குச் சேற்றுக்கூடைகளோடு திரும்பியவர்கள் படலிலேயே நின்றுவிட்டார்கள்.

"இது ஆராக்கும் அதிரு வச்சது?" என்றார் ஞானமுத்து, மாதவனைப் பார்த்து. நிலத்து எல்லைக்கு அங்கே அதிர் என்று பெயர்.

"என்னப் பாத்து எதுக்கு கேக்குத? காலத்தயிருந்து நானும் உனக்க கூடயாக்கும் சேறு கோருனது."

"கம்பு கொண்டுவந்தது நீயாக்கும். எல்லை பாக்க வாற கமிஷன்காரனுக்குக் காட்டுகதுக்கா?"

"நான்தான் நட்டேன்" என்றேன். யார் காதிலும் விழவில்லை. ஞானமுத்து தன் மண்வெட்டியையும் கூடைகளையும் எடுத்து வரிசையின் ஒரு பக்கம் போட்டார். மாதவன் தன்னுடையதை மறுபக்கம் போட்டார்.

ரோசிலி என்னைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னாள். "இஞ்ச அண்ணன் தம்பி பாகம் பிரிச்சா மறுநாளே நடுக்க ஆடாதோடை வைப்பாங்க. ஆடு கடிக்காது. நீங்க வச்ச எடத்துலதான் முன்ன இவங்க ரெண்டு பேருக்கும் இடையில கையாலை, மண்ணுச் சுவரு, உண்டு. தோட்டம் போடுகதுக்கு வேண்டி இடிச்சு நெரப்புனது."

மண் ஏன் அத்தனை இளக்கமாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

"அப்போ இப்பவே எல்லாரும் சேர்ந்து பிடுங்கிரலாமே?"

"அய்யோ, அதிருக் கம்புல வேற ஆளு கை வைக்கக் கூடாது. வச்ச கைதான் பிடுங்கணும். வேரு பிடிச்சா பிறகு அவ்வளவுதான், ரெண்டு தோட்டமாக்கும்."

வேர் பிடிக்க சில வாரம் போதும். அடுத்த இரண்டாம் சனிக்கிழமை வரை இதை விட்டுவைக்க முடியாது. கஞ்சியைக்கூடத் தொடாமல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தேன். பிடுங்கிய கம்புகளைப் பாதையோர விளிம்புக்குச் சுமந்து போய், தோட்டத்துக்கு வெளிவேலியாக நட்டேன். இரண்டு நிலத்தையும் சேர்த்து ஒரே வேலி. கயிறு கட்டவில்லை. மழை பிடித்துக்கொண்டது. நாகர்கோவிலுக்குக் கடைசி பஸ் ஐந்து நாற்பதுக்கு. ஐந்து மணிக்கு நடுவில் இன்னும் பத்தொன்பது கம்புகள் நின்றன.

"பஸ்ஸு போவும் டீச்சரே" என்றார் மாதவன்.

"போகட்டும்."

அறுபதையும் வெளியே நட்டு முடித்தபோது இருட்டிவிட்டது. பாதையோரத்தில் பாதி தூரத்துக்குக்கூடப் போதவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாதவன் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், தன் வீட்டு அதிர் வேலியிலேயே கம்பு வெட்டி ஒரு கட்டு கொண்டுவந்து போட்டார். ஞானமுத்து குனிந்து அந்தக் கட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"எலே, இது போராது. எனக்க வீட்டுலயும் வெட்டுவோம், வா."

அன்றிரவு ரோசிலி வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும். விடிந்ததும் முதல் பஸ்.

போக நினைப்பவர்களுக்கு: குடை அவசியம், ஆனியில் மழை சொல்லிவிட்டு வராது. ஊர்வல நாளென்றால் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மதியக் கஞ்சி அவர்களே தருவார்கள். பெண்கள் தயங்க வேண்டாம். எதை நடுவதானாலும் முதலில் ரோசிலியைக் கேளுங்கள்.

போன மாதம் மறுபடி போனேன். வெளிவேலி முழுக்கத் துளிர்விட்டிருக்கிறது. நடுவில் என் அறுபது குழிகள் இருந்த இடத்தில் ஒரு சேம்பு கூடக் கிடையாது. சேற்றைப் போட்டு மிதித்து அதை நடைபாதையாக்கியிருக்கிறார்கள். ஞானமுத்துவும் மாதவனும் ஒரே கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதன் மேல் போனார்கள். எல்லை எங்கே வரும் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. அது எங்கே வந்தாலும், அந்தத் தோட்டத்துக்கு நடுவே வராது.